நீல ட்யூப் வைத்தியம்

முதலில் அதைப் பொடுகு என்றுதான் நினைத்தேன். எலுமிச்சம்பழம் தேய்த்துக் குளித்தேன், வெந்தயம் அரைத்துப் போட்டேன். அது காதுக்குப் பின்னால் இறங்கி, முழங்கைக்கு வந்து, முழங்காலுக்குப் போனது. பொடுகு முழங்கையில் வராது என்பதை ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கத் தேவைப்பட்டது. அதற்குள் முதுகில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புத் திட்டுகள் வந்துவிட்டன. அவற்றின்மேல் வெள்ளை வெள்ளையாகச் செதில். காலையில் பாயைச் சுருட்டும்போது உப்பைக் கொட்டிவிட்டதுபோல் உதிரும். மகள் எழுந்திருப்பதற்கு முன்பே கூட்டி அள்ளிவிடுவேன்.

அப்போது நான் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில், பிளாஸ்டிக் கேன் செய்கிற ஒரு சிறிய கம்பெனியின் ஆபீசில் வேலை பார்த்தேன். ஆபீஸ் என்றால் ஓர் அறை, இரண்டு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு போன். எதிர் மேசையில் என் வயதுள்ள ஒரு பெண். நல்லவள். எங்கள் வீட்டுக் கொழம்பை வாங்கிச் சாப்பிட்டவள். என் முழங்கை வெளியே தெரிய ஆரம்பித்த பிறகு, நான் போன் பேசி வைத்ததும் அவள் கைப்பையிலிருந்து ஒரு துணியை எடுப்பாள். ஸ்பிரிட் வாசனை வரும். ரிசீவரைத் துடைப்பாள், கீபோர்டைத் துடைப்பாள், பிறகு என்னைப் பார்த்துச் சிரிப்பாள். கொழம்பு வாங்குவதை நிறுத்திவிட்டாள். கேட்டால் வயிறு சரியில்லை என்றாள். அவள் வயிறு மாதக்கணக்கில் சரியாகவே இல்லை.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கே என்மேல் சந்தேகம் இருந்தது. மகளுக்குத் தலை வாரும்போது அவள் வகிட்டை விலக்கி விலக்கிப் பார்ப்பேன்.

கடலூர் ரோட்டில் ஒரு டாக்டரைப் பற்றிச் சொன்னார்கள். ஒரே ஊசி, எல்லாம் போய்விடும் என்றார்கள். போனேன், போட்டார், போய்விட்டது. ஒரு வாரத்தில் என் முழங்கை குழந்தையின் முழங்கைபோல ஆகிவிட்டது. கோயிலுக்குப் போய்க் கற்பூரம் ஏற்றினேன். சில வாரங்கள் கழித்துத் திரும்ப வந்தபோது, முன்பு இல்லாத இடங்களிலும் வந்தது. வயிற்றில், தொடையில், உள்ளங்காலில். மறுபடி போனபோது அந்த இடத்தில் டாக்டர் இல்லை, செல்போன் ரீசார்ஜ் கடை இருந்தது. அன்றிலிருந்து யார் என்ன மருந்து சொன்னாலும், இதில் என்ன கலந்திருக்கிறது என்பதுதான் என் முதல் கேள்வி.

இந்தக் கேள்வியோடுதான் டவுனில் இருந்த ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போனேன். மாடியில் கிளினிக். கீழே ஒரு துணிக்கடை. டாக்டரம்மா வளவளவென்று பேசாதவர். என் முழங்கையை விரல் நுனியால், கையுறை போடாமல், தடவிப் பார்த்தார். அதுவே எனக்கு ஆச்சரியம்.

"சோரியாசிஸ். ஒட்டாது. பயப்படாதீங்க. ஊசி போட்டுக்கினீங்களா?"

"ஆமாங்க."

"அதான் இப்படிப் பரவியிருக்கு. இனிமே ஊசி வேணாம். லைட் குடுப்போம்."

லைட் என்றால் என்ன என்று கேட்டேன். அல்ட்ரா வயலட் என்றார். வெயிலில் இருப்பதுதான், கண்ணுக்குத் தெரியாத ஒளி, அதைப் பெட்டிக்குள் அளந்து கொடுப்போம் என்றார். வெயில்தான் மருந்து என்றால் அரியாங்குப்பத்தில் எங்கள் மாடியில் இல்லாத வெயிலா? எதற்கு டவுனுக்கு வர வேண்டும்? இதை நான் வாய்விட்டே கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"உங்க மாடி வெயிலுக்கு அளவு இல்லம்மா. இதுக்கு உண்டு."

சிகிச்சை நாளன்று காலை சாப்பிட்டதும் மாத்திரை போட வேண்டும். அது தோலுக்குள் போய் நிற்கும். இரண்டு மணி நேரம் கழித்துப் பெட்டிக்குள் நின்றால் வெளிச்சமும் மாத்திரையும் சேர்ந்து வேலை செய்யும். வாரத்துக்குச் சில நாள். ஆரம்பத்தில் கொஞ்ச நேரம், போகப்போகக் கூட்டுவார்கள். மாத்திரை கண்ணிலும் ஏறும் என்பதால் அன்று பகல் முழுக்கக் கறுப்புக் கண்ணாடி போட்டே ஆக வேண்டும். தேங்காய் எண்ணெய் மெல்லிசாகத் தடவிக்கொள்ளலாம், வேறு எந்த மருந்தும் கூடாது. இத்தனையும் சொல்லிவிட்டு, "சந்தேகம் இருக்கா?" என்று கேட்டார். இருந்ததே அது ஒன்றுதான். ஆனாலும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

பெட்டியை முதல்முறை பார்த்தபோது எங்கள் கல்யாணத்துக்குச் சீராக வந்த பீரோ ஞாபகம் வந்தது. அதே உயரம், அதே கதவு. உள்ளே நாலாபுறமும் ஆளுயர ட்யூப் லைட்டுகள். அதை இயக்குகிறவர் நடுத்தர வயதுள்ள ஒரு பெண்மணி. அக்கா என்றுதான் கூப்பிடுவோம். திரைக்குப் பின்னால் துணியைக் களைந்துவிட்டு, உள்ளாடையோடு, கண்ணுக்கு நீச்சல்காரர்கள் போடுவதுபோல் ஒரு கண்ணாடி மாட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டும்.

நான் உடனே போகவில்லை. செல்போனில் கேமரா வந்த புதிது அது. துணிக்கடையில் உடை மாற்றும் அறையில் எடுத்துவிட்டார்கள் என்று பேப்பரில் வந்துகொண்டிருந்த காலம். திரையைத் தூக்கிப் பார்த்தேன். சுவரில் ஆணி அடித்த ஓட்டைகளை விரலால் மூடிப் பார்த்தேன். பெட்டியின் மேல்புறம் மின்விசிறிக்காக ஒரு சதுரம் வெட்டியிருந்தார்கள். அதையும் எட்டிப் பார்த்தேன்.

"இன்னாம்மா தேடற?" என்றார் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா. பல்லி இருக்கான்னு."

"இந்தச் சூட்டுல பல்லி எங்க வரும்? போ உள்ள."

கதவு சாத்தப்பட்டது. டக் என்று ஒரு சத்தம், எல்லா ட்யூபும் சேர்ந்து எரிந்தன. கண்ணாடிக்குள் இருந்து பார்த்ததால் நீலமா ஊதாவா என்று சொல்ல முடியவில்லை. வலி இல்லை. இளஞ்சூடு மட்டும். புழுதியைச் சூடு பண்ணினால் வருகிற வாசனை. என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வதற்குள் மணி அடித்து அணைந்துவிட்டது. வெளியே வந்து கையைப் பார்த்தேன். செதில் அப்படியே இருந்தது.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். அடுத்த வாட்டி கொஞ்சம் கூட்டுவாங்க."

இதற்கா காலையிலிருந்து வயிற்றைப் புரட்டுகிற மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்தேன் என்று இருந்தது. கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். இரண்டு பேர் உட்காரும் சீட்டில் என் பக்கத்தில் இருந்த அம்மா என் முகத்தைப் பார்த்ததும் முந்தானையால் மூக்கையும் கண்ணையும் சேர்த்து மூடிக்கொண்டு எழுந்துவிட்டார். முழங்கையைப் புடவைத் தலைப்பால் மூடியிருந்தேனே என்று குழம்பினேன். ஆபீசில் எதிர் மேசைப் பெண் வாசலிலேயே கேட்டுவிட்டாள்.

"மெட்ராஸ் ஐ-யா? லீவு போட்டிருக்கலாம்ல?"

தோல் வியாதியை விட்டுவிட்டு எல்லாரும் கண் வலியைச் சந்தேகித்தார்கள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இல்லை என்று சொன்னால் பின் எதற்குக் கண்ணாடி என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வாரத்துக்கு மூன்று நாள் மெட்ராஸ் ஐ வந்து, மற்ற நாளில் சரியாகிவிடுகிற ஒரே பொம்பளையாக அந்தக் கம்பெனியில் நான் இருந்தேன். தெருவில் வேறு மாதிரி பேசினார்கள். காலையிலேயே கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு எங்கே போகிறாள் என்று பக்கத்து வீட்டில் என் வீட்டுக்காரரிடமே கேட்டிருக்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் அப்போது டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் மில்லில் இருந்தவர். மில் மூடியபின் ஒரு ஷேர் டெம்போவை வாடகைக்கு எடுத்து பஸ் ஸ்டாண்டுக்கும் அரியாங்குப்பத்துக்கும் ஓட்டினார். அதிகம் பேச மாட்டார். பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, "ஆமா, அவ சினிமால நடிக்கிறா" என்று சொல்லிவிட்டு வந்ததாக என்னிடம் சொன்னார். தினமும் காலையில் நான் குளித்துவிட்டு வந்ததும், கைக்கு எட்டுகிற இடத்தில் நான் எண்ணெய் தடவிக்கொள்வேன். முதுகுக்கு அவர். மணையில் உட்கார்ந்து முதுகைக் காட்டுவேன். செதில் உதிரும் இடத்தில் அழுத்தாமல் தடவுவார். முகம் சுளிக்கிறாரா என்று ஆரம்பத்தில் ஒருமுறை சட்டென்று திரும்பிப் பார்த்தேன். "ஆடாத" என்றார். சுளிக்கவில்லை.

கிளினிக்கில் எனக்கு முன்னால் போகிறவர் ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு அவர்கள் கொடுக்கும் பென்ஷனில் வாழ்கிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். எழுபதைத் தாண்டியவர். தொப்பி வைத்திருப்பார். அவருக்குக் காலில் சோரியாசிஸ். நான் உள்ளே நுழைந்தால் எழுந்து நின்று "பொன்ழூர் மதாம்" என்பார். எனக்குச் சங்கடமாக இருக்கும். ஒருநாள் அக்கா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்.

"ஓட்டல்ல ஈ புடிக்க நீல லைட்டு மாட்டியிருப்பானே, பாத்திருக்கியாம்மா?"

"பாத்திருக்கேங்கய்யா."

"அந்த ஜாதி ட்யூபுதான் இது."

"நெசமாவா?"

"நான் பட்டாளத்துல எலெக்ட்ரிக் வேலை பாத்தவன். எனக்குத் தெரியாதா? ஈயும் சாகும், சோரியாசிசும் சாகும்னு நெனைச்சுக்கினு நிக்கறேன்."

அவர் வேடிக்கையாகச் சொன்னார். என் மனசில் அது உட்கார்ந்துகொண்டது. அன்று பெட்டிக்குள் நிற்கும்போது ட்யூப்களைப் பார்த்தேன். இடது மூலையில் ஒன்றின் முனை கறுத்திருந்தது. எங்கள் வீட்டு ட்யூப் லைட் போவதற்கு முன்னால் அப்படித்தான் கறுக்கும். அப்படியானால் அந்தப் பக்கம் வெளிச்சம் குறைவுதானே? குறைவான வெளிச்சத்தில் நின்றுவிட்டு முழு வைத்தியம் ஆனதாக நம்பிக்கொண்டிருக்கிறேனா? அடுத்த முறை அக்கா கவனிக்காமல் கொஞ்சம் இடது பக்கம் நெருங்கி நின்றேன். அக்கா பட்டனைத் தட்டிவிட்டுப் போன் பேசப் போய்விடுவார். மணி தானாக அடித்து அணையும் என்று தெரிந்தும், அடிக்காமல் போனால் என்ன ஆகும் என்று கதவின் கைப்பிடியில் ஒரு கையை வைத்தபடியே நிற்பேன்.

டாக்டரம்மாவிடம் ட்யூபைப் பற்றிச் சொன்னேன். சொல்தா சொன்னதாகச் சொல்லவில்லை.

"மாத்தப் போறோம். ஆர்டர் போட்டாச்சு" என்றார். பிறகு என் முழங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இங்க பாருங்க, மெலிஞ்சிருக்கு. நீங்க இத பாக்கறதில்ல. ட்யூபைத்தான் பாக்கறீங்க" என்றார்.

மெலிந்திருந்தது உண்மைதான். செதில் குறைந்திருந்தது. முழங்காலைத் தொட்டால் சொரசொரப்பு முன்போல இல்லை. ஆனால் ஊசி போட்டபோதும் இப்படித்தானே குறைந்தது. அதோடு நான் நன்றாகக் கறுத்துவிட்டேன். பொருட்காட்சிக்குப் போன இடத்தில் என் நாத்தனார் என்னை அடையாளம் தெரியாமல் தாண்டிப் போனாள். கூப்பிட்டதும் திரும்பி வந்து, "இன்னா அண்ணி, கட்டட வேலைக்குப் போறியா?" என்றாள். இது வியாதியை ஆற்றுகிறதா, கறுப்பைப் பூசி மறைக்கிறதா? ராத்திரிகளில் இதை வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டே இருப்பேன். "பொறு" என்பார். ஒருநாள் கேட்டபடியே அழுதுவிட்டேன். அதற்குப் பிறகு அவர் "பொறு" என்று சொல்வதை நிறுத்திவிட்டார்.

அந்த வாரம் புதிய ட்யூப்கள் வந்தன. நீள நீளமான அட்டைப் பெட்டிகள் கிளினிக் வராந்தாவில் சாய்த்து வைக்கப்பட்டிருந்ததை நானே பார்த்தேன். வெள்ளிக்கிழமை காலை வழக்கம்போல எண்ணெய், மாத்திரை, பஸ், பெட்டி. உள்ளே நின்றபோது எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை. சனிக்கிழமை முதுகு லேசாக அரித்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது ரவிக்கை பட்ட இடமெல்லாம் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிந்தது. சாயங்காலத்துக்குள் உட்கார முடியவில்லை, சாய முடியவில்லை. மகள் பின்னால் வந்து பார்த்துவிட்டு, "அம்மா, முதுகுல தண்ணி தண்ணியா இருக்கு" என்றாள். கொப்புளங்கள்.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, அல்லது தெரிந்துவிட்டதாக நினைத்தேன். பழைய ட்யூபுக்கு வைத்த நேரத்தைப் புதிய ட்யூபுக்கும் வைத்துவிட்டார்கள். அல்லது அக்கா போன் பேசுகிற அவசரத்தில் தப்பாகத் தட்டிவிட்டார். வெந்து போவதற்கு நான் என்ன கிழங்கா? திங்கட்கிழமை காலை கிளினிக் திறக்கும்போதே போய் நின்றோம். அவர் டெம்போவில் கூட்டிப்போனார். முன் சீட்டில் சாயாமல், கம்பியைப் பிடித்துக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தேன். பாலத்தின் மேல் ஒவ்வொரு குலுக்கலுக்கும் உயிர் போனது. வழி முழுக்க நான் திட்டிக்கொண்டே வந்தேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபத்தில் இருக்கிறார் என்று நினைத்தேன்.

மேலே போனதும் அக்காவைப் பார்த்துச் சத்தம் போட்டேன். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்தது. போன் பேசினது, மணி, கறுத்த ட்யூப், ஈ பிடிக்கிற லைட். வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

"யம்மா, புது ட்யூபை இன்னும் மாட்டவே இல்ல. அதோ பாரு, பெட்டி பிரிக்காமக் கெடக்குது!"

பார்த்தேன். அட்டைப் பெட்டிகள் ஒட்டின டேப்போடு அதே இடத்தில் சாய்ந்திருந்தன. உடனே நம்பிவிடவில்லை. கிட்டப் போய் டேப்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். பிரிக்கவில்லைதான்.

டாக்டரம்மா வந்தார். என்னை உள்ளே கூட்டிப்போய், குப்புறப் படுக்க வைத்து, ரவிக்கையைத் தளர்த்திப் பார்த்தார். அப்புறம் திரும்பச் சொல்லி மார்பு, வயிறு, கை, கால் எல்லாம் பார்த்தார்.

"முன்னாடி ஒண்ணுமே இல்ல. பெட்டில எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி எரியுது. முதுகு மட்டும் எப்படி வேகும்?" என்றார். என்னைக் கேட்கவில்லை, தனக்குள் கேட்டுக்கொண்டார். பிறகு குரல் மாறியது. "வெயில்ல முதுகைக் காட்டிக்கினு வேலை செஞ்சீங்களா?"

"இல்லங்க."

"ஊசி? ஆயின்மெண்ட்? மறைக்காதீங்க."

"சத்தியமா இல்லங்க." இப்போது அவர் என்னைச் சந்தேகப்பட்டார். எனக்கு அழுகை வந்தது.

அவர் மறுபடி குனிந்தார். என் இடது தோளிலிருந்து விலா வரை எதையோ விரலால், தொடாமல், தொடர்ந்துகொண்டு போவது தெரிந்தது. "முதுகுக்கு எண்ணெய் யாரு தடவறாங்க?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரர்."

"வந்திருக்காரா? கூப்பிடுங்க."

அவர் திரைக்கு வெளியே வந்து நின்றார். டாக்டரம்மா, "கையக் காட்டுங்க" என்றார். அவர் உடனே காட்டவில்லை. பிறகு நீட்டினார். நான் குப்புறப் படுத்தபடி, தலையைத் திருப்பி, திரையின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். விரல்களின் பக்கவாட்டிலும் பின்புறத்திலும், நகத்தைச் சுற்றியும், தோல் காபிப்பொடி நிறத்தில் கறுத்துத் திட்டுத்திட்டாக உரிந்திருந்தது. அந்த விரல்களை இரண்டு நாளாகச் சோறு பிசையும்போது நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். டெம்போவின் கிரீஸ் என்று நினைத்திருந்தேன்.

"எண்ணெயில இன்னா கலந்தீங்க?"

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "கார்போகரிசின்னு ஒரு வெதைங்க. நாட்டு மருந்துக் கடையில வாங்கினேன். இடிச்சு எண்ணெயில காய்ச்சிச் சின்ன பாட்டில்ல வெச்சிருந்தேன். ஸ்டாண்டுல ஒருத்தரு சொன்னாரு, அவரு மாமனுக்கு வெண்புள்ளி அதுலதான் போச்சாம். மூணு நாலு நாளாத்தான் போடறேன்."

பாட்டிலை டெம்போவின் டூல்ஸ் பெட்டியில் வைத்திருக்கிறார். காலையில் எனக்கு முதுகுப் பக்கம் உட்கார்ந்து உள்ளங்கையில் ஊற்றித் தடவியிருக்கிறார். வாசனை வேறு மாதிரி இருப்பதாக நான் ஒருநாள் கேட்டது உண்மை. செக்கு எண்ணெய் என்றார். சரி என்றுவிட்டேன். டாக்டர், அக்கா, ட்யூப், மாத்திரை, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் என்று ஊரையே சந்தேகப்பட்ட நான், அந்தக் கையை ஒருநாளும் சந்தேகப்படவில்லை.

டாக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். பெருமூச்சு விட்டார்.

"நான் இவங்களுக்குக் குடுக்கற மாத்திரையும் அந்த வெதையில இருக்கிற சரக்கும் ஒரே குடும்பம். வெளிச்சம் பட்டா வேலை செய்யும். உள்ள ஒரு பங்கு நான் குடுத்தேன். வெளிய இன்னொரு பங்கு நீங்க பூசிட்டீங்க. அப்பறம் கொண்டாந்து லைட்டுல நிக்க வெச்சாச்சு. உங்க கையே பாருங்க, பூசிட்டு வண்டி ஓட்டினீங்க, காலை வெயில்லயே வெந்துபோச்சு."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நான் போட்டதும் சரியான மருந்துதானுங்களே?" என்றார்.

டாக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஆனால் திட்டவில்லை. அக்காவை இன்னொரு கண்ணாடியைப் பின்னால் பிடிக்கச் சொல்லி, சுவர்க் கண்ணாடியில் என் முதுகை எனக்குக் காட்டினார். கொப்புளங்களுக்கு நடுவே, தோளிலிருந்து இடுப்பு வரை, சிவப்பாக நான்கு நான்கு கோடுகள் இறங்கின. இடது தோள்பட்டையில் ஒரு முழு உள்ளங்கை, கட்டைவிரலோடு. எண்ணெய் பட்ட இடம் மட்டும் வெந்திருந்தது. அவர் கை எங்கெல்லாம் போனது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

திரும்பும்போது டெம்போவை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓரங்கட்டினார். பயம், எரிச்சல், அசிங்கம் எல்லாம் இருந்தது. மேலே அக்காவைப் பார்த்துக் கத்தினது வேறு.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றேன் கடைசியாக.

"சொன்னா தொட விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன்."

"அதான். லைட்டு வேலை செய்யுதான்னு நீதான் தெனம் கேட்டுக்கினு இருந்த. அழுத. கூட ஒரு கை குடுக்கலாம்னு பாத்தேன்." ஸ்டியரிங்கில் இருந்த தன் விரல்களைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "வலிக்குதா?"

"உங்களுக்கு?"

"எரியுது."

பல நாள் ஆபீசுக்குப் போகவில்லை. குப்புறவே படுத்திருந்தேன். அவர் தோப்பிலிருந்து இளம் வாழையிலை வாங்கி வந்து, பாயில் விரித்தால் ஒட்டாது என்றார். நான் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்ட பிறகுதான் படுத்தேன். வீட்டுக்காரர் அதற்கு வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. போனை அவரேதான் எடுத்துக் கொடுத்தார்.

ஆறியபின் போய் அக்காவிடம் பேசினேன். "விடும்மா" என்றார். ஆனால் அதன்பிறகு நான் வரும்போதெல்லாம் போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, பெட்டிக்குப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். டாக்டரம்மா நேரத்தை முதலிலிருந்து குறைத்து ஆரம்பித்தார். ஒவ்வொரு முறையும் வீட்டுக்காரரும் கூடவே வர வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவர் வந்து வராந்தாவில் சொல்தாவுக்குப் பக்கத்தில் உட்காருவார். இருவருக்கும் நல்ல சிநேகம் ஆகிவிட்டது. என்ன பேசிக்கொள்வார்கள் என்று தெரியாது. நான் வெளியே வந்தால் பேச்சு நின்றுவிடும்.

புதிய ட்யூப்கள் மாட்டிய அன்று பெட்டிக்குள் போக எனக்குக் கால் வரவில்லை. கதவுக்கு வெளியே நின்று, "எவ்ளோ வெச்சிருக்கீங்க, புதுசுன்னு குறைச்சீங்களா?" என்று டாக்டரம்மாவையே வரவழைத்துக் கேட்டேன். அவர் வந்து பார்த்தார், சரியாகத்தான் குறைத்திருக்கிறது என்றார். பிறகு, "கேட்டது நல்லதுதான்" என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்கு எவ்வளவோ நாள் தெம்பாக இருந்தது.

தீபாவளிக்குள் முழங்கையும் முழங்காலும் சுத்தமாகிவிட்டன. வயிற்றில் இருந்தது போனது. முதுகில் திட்டுகள் இருந்த இடம் வழவழப்பாகிவிட்டதாக வீட்டுக்காரர் சொன்னார். கை வைத்துப் பார்க்க நான் விட்டேன், எண்ணெய் இல்லாத கை. தலையில் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. எதிர் மேசைப் பெண்ணிடம் முழங்கையைக் காட்டினேன். "ஐயோ, நல்லாப் போச்சே!" என்று சந்தோஷப்பட்டாள். அன்று மதியம் நான் போன் வைத்ததும் கைப்பையைத் திறந்தாள், அந்தத் துணியை எடுத்தாள். பழக்கமா, இன்னும் பயமா என்று எனக்குத் தெரியவில்லை.

முழுசாகப் போகாது, திரும்ப வரலாம் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். சில வருஷம் கழித்து ஒரு மழைக்காலத்தில், முழங்கையில் புளியங்கொட்டை அளவு ஒரு சிவப்பு வந்தது. நான் கையை மடித்து மறைத்துக்கொண்டு சமைத்தேன். அவர் சாப்பிட்டு எழுந்து, கை கழுவிவிட்டு, என் முழங்கையைப் பிடித்துத் திருப்பினார்.

"எப்போலேர்ந்து?"

"நாலஞ்சு நாளா."

"இன்னைக்கே போலாம், கெளம்பு."

அன்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு நான் எழுந்துவிட்டேன். வீட்டுக்காரர் எழுந்திருக்கவில்லை. டாக்டரம்மா மேசைமேல் வைத்த மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் என்ன இருக்கிறது, எதோடு சேரக்கூடாது, மீன் சாப்பிடலாமா, இவள் வெயிலில் துணி காயப் போடலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்.